முழு வருகைக்காரியின் பட்டம்

எங்கள் வீட்டில் மூன்று ஹாட் பாக்ஸ் இருக்கின்றன. மூன்றும் கம்பெனி கொடுத்தவை. வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலைக்கு வந்தவர்களுக்குப் பொங்கலுக்கு முந்தின வாரம் கேன்டீனில் வைத்துப் பெயர் வாசித்து, கைதட்டி, ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ் கொடுப்பார்கள். முழு வருகைப் பரிசு என்று அதற்குப் பெயர். அந்தப் பரிசு ஆரம்பித்த முதல் மூன்று வருடமும் தொடர்ந்து அதை வாங்கியவள் எங்கள் ஓசூர் பிளான்ட்டில் நான் ஒருத்திதான். அதனால் என் போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கேன்டீன் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஹாட் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்பேன். கீழே அந்த மூன்று வருடங்களையும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

லீவு போடாதது பெரிய தியாகமெல்லாம் இல்லை, வெறும் வீம்பு. நான் சேர்ந்த புதிதில் ஒரு சூப்பர்வைசர், லேடீஸை எடுத்தால் பாதி நாள் லீவுதான் என்று என் காதுபடச் சொன்னார். அன்றைக்குப் பிடித்த வீம்பு அது. காய்ச்சலோடு போய் நின்றிருக்கிறேன். ஊத்தங்கரையில் நாத்தனார் கல்யாணத்தன்று இரண்டாவது ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, தாலி கட்டி முடிந்ததும் பஸ் ஏறி, பட்டுப்புடவையைக் கம்பெனி டாய்லெட்டில் மாற்றிக்கொண்டு வேலைக்கு நின்றவள் நான். மாமியார் வீட்டில் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

எனக்கு இறுதிப் பரிசோதனையில் வேலை. பைக் பிரேக்குக்குப் போகும் ஒரு சின்ன அலுமினியப் பாகம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை அளந்து பார்த்து, கண்ணால் பார்த்து, சரியென்றால் பெட்டியின் பச்சை அட்டையில் முத்திரை வைக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதகருக்கும் ஒரு நம்பர் போட்ட ரப்பர் முத்திரை உண்டு. என்னுடையது பதினேழு. அந்தப் பதினேழு விழுந்தால்தான் பெட்டி லாரி ஏறும். பிளஸ் டூ படித்த எனக்கு அந்த முத்திரை கைக்கு வர ஆறு வருடம் ஆனது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் அது என் யூனிஃபார்ம் சட்டைப் பையைவிட்டு இறங்கியதில்லை.

வேலையில் நான் கொஞ்சம் பொல்லாதவள் என்றுதான் பெயர். வெளியிலிருந்து வரும் வார்ப்புகளோடு லேப் ரிப்போர்ட் ஒன்று வரும். ஒருமுறை ஒரு சப்ளையர் அனுப்பிய ரிப்போர்ட்டில், வார்ப்பு ஊற்றிய தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அதைச் சோதித்துப் பார்த்ததாக இருந்தது. பிறக்காத பிள்ளைக்குக் காது குத்தியிருக்கிறார்கள். மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிட்டேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பது என் பழக்கம் என்று அன்று நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். ஊரார் காகிதத்துக்குத்தான் அந்தப் பழக்கம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சூளகிரியில் கம்பெனி புது பிளான்ட் கட்ட ஆரம்பித்தபோது இதெல்லாம் தொடங்கியது. எங்கள் லைன் மொத்தமும் அங்கே போகப் போகிறது என்றார்கள். போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாங்கள் பாகம் அனுப்பும் பெரிய கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. இனி முத்திரை வைப்பவர் டிப்ளமோவோ டிகிரியோ முடித்திருக்க வேண்டும். ஹெச்ஆர் சார் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: ஒரு வருடம் டைம் தருகிறோம், டிகிரி கொண்டு வந்தால் புது பிளான்ட்டில் குவாலிட்டி இன்ஜினியர் போஸ்ட், இல்லையென்றால் முத்திரையைக் கொடுத்துவிட்டு பேக்கிங்குக்குப் போக வேண்டியதுதான். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எதையும் குரல் உயர்த்தாமல் சொல்வார். கேட்பதற்கு நல்ல சேதி மாதிரியே இருக்கும்.

ஒரு வருடத்தில் எந்தக் காலேஜில் டிகிரி தருவார்கள்? ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் தந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரே வருடத்தில் பட்டம் என்று போர்டு தொங்கியது. என்னைக் கூட்டிப்போனவள் என் பக்கத்து மேஜைக்காரி. முத்திரை நம்பர் இருபத்திரண்டு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண், என்னைவிட எட்டு வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு, புருஷனோடு கன்னடம், எங்களோடு தமிழ். எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதைக் கன்னடத்தில் மட்டும்தான் சொல்வாள். ‘ஏனூ ஆகல்லா அக்கா.’ அதைக் கேட்டால் நமக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றும்.

மாடியில் இருந்த சென்டர்காரர் எங்கள் வேலை அனுபவத்தைப் பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், அதனால்தான் ஒரு வருடம் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பத்து வருடம் மைக்ரோமீட்டர் பிடித்தவளுக்கு அளவுகளைப் பற்றி யார் என்ன சொல்லித் தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர், ‘அது சரியா வருமா?’ என்று மட்டும் கேட்டார். அவர் வேறொரு கம்பெனியில் டர்னர், ஐ.டி.ஐ. படித்தவர். உங்களுக்கு நான் டிகிரி வாங்குவது பொறுக்கவில்லை என்று ஒரு பிடி பிடித்தேன். அந்த வருட போனஸ் பணம் சென்டர் பீஸுக்குத்தான் போனது.

பரீட்சையும் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் ஏன் நம்பினேன் என்பது புரியாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடியில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து எழுதினோம். கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை மாடி முழுக்க வந்தது. கேள்வித்தாளோடு கைடையும் கொடுத்தார்கள், எந்தப் பக்கம் என்றும் சொன்னார்கள். எல்லோரும் கிறுக்கித் தள்ளிவிட்டுப் போனபோது நான் மட்டும் மார்ஜின் போட்டு, கேள்வி எண்ணுக்கு அடிக்கோடு போட்டு, கடைசி வரை உட்கார்ந்து எழுதினேன். பார்த்து எழுதினாலும் அழகாக எழுதினால் பரீட்சைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குள் ஒரு மூலையில் நமநமவென்றுதான் இருந்தது. அதை நான் கேட்கவில்லை.

கொடுத்த ஒரு வருடம் முடியும் நேரத்தில் சர்ட்டிபிகேட் வந்தது. என் பெயரைப் பார்த்தேன், பட்டத்தைப் பார்த்தேன், முதல் வகுப்பு என்று இருந்ததைப் பார்த்தேன். அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் பெண் நான். அடுத்த திங்கட்கிழமை ஹெச்ஆர் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரிஜினலை நிதானமாகப் பார்த்தார். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஜெராக்ஸை வாங்கி, ஒரிஜினல் சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் ஃபைலில் வைத்தார். வியாழக்கிழமை அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார், முத்திரை வைக்கும் எல்லோருடைய ஃபைலையும் பிரித்துப் பார்ப்பார், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டே சர்ட்டிபிகேட்டை எடுத்துப் படித்தார். அவர் எந்தக் காகிதத்தையும் எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படிப்பவர். பால் பாக்கெட்டைக்கூட விடமாட்டார்.

‘ஏம்மா, இதுல ரெகுலர்னு போட்டிருக்குதே,’ என்றார். ‘தினமும் காலேஜுக்குப் போயி மூணு வருசம் உக்காந்து படிச்ச மாதிரி. நீ எப்பப் போன?’

கேலி செய்கிறார் என்று நினைத்துப் பிடுங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. மூன்று வருடம், நேரடி வகுப்பு, ஒவ்வொரு ஏப்ரலிலும் பரீட்சை. காலேஜ் இருக்கும் ஊர் வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தள்ளி. நான் எழுதிய அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த மூன்று வருடங்கள் எவை என்று பார்த்தேன். எங்கேயோ பார்த்த வரிசை. தலையைத் தூக்கினால் எதிரே அலமாரியில் மூன்று ஹாட் பாக்ஸ். கம்பெனி ஒவ்வொன்றின் மூடியிலும் வருடத்தைப் பொறித்துக் கொடுத்திருந்தது.

அந்தச் சர்ட்டிபிகேட் உண்மையென்றால் அந்த மூன்று வருடமும் நான் கம்பெனியில் இருந்திருக்க முடியாது. கம்பெனியோ நான் ஒரு நாள்கூட அங்கே இல்லாமல் இருந்ததில்லை என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறது. ஊரில் எத்தனையோ பேர் இந்த மாதிரி சர்ட்டிபிகேட் வைத்திருக்கிறார்கள். அவர்களெல்லாம் காது குத்து, கருமாதி, காய்ச்சல் என்று லீவு போட்டவர்கள். முழு வருகைக்காரி ஒருத்தி போய் இதை வாங்குவாளா? நான் வாங்கியிருக்கிறேன்.

பக்கத்து பிளான்ட்டில் பொய் சர்ட்டிபிகேட் கொடுத்த ஒருவரை அதே நாளில் கேட்டுக்கு வெளியே நிறுத்தியதும், போலீசில் எழுதிக் கொடுத்ததும் எங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குப் பேக்கிங் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேலையே போய்விடும், பதினோரு வருடத்துக்குப் பிறகு திருடி என்ற பேரோடு போக வேண்டும் என்ற பயம் வந்து உட்கார்ந்தது. வியாழக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பேக்கரி மாடிக்குப் போனேன். சென்டர்காரர் சிரித்த முகமாக வரவேற்றார். ரெகுலர் என்று இருந்தால்தான் மதிப்பு, உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறோம் என்றார். அந்தப் பரீட்சை நடந்த நாளெல்லாம் நான் இங்கே ஓசூரில் வேலையில் இருந்தேன் என்றேன். லீவு போட்டுவிட்டுப் போய் எழுதினேன் என்று சொல்லிவிடுங்கள் என்றார். நான் லீவே போட்டதில்லை என்றேன்.

‘மூணு வருசத்துல ஒரு நாள் கூடவா மேடம்?’

‘ஒரு நாள் கூட இல்ல.’

அவர் சிரிப்பு போய்விட்டது. ‘என்ன மேடம் நீங்க, இப்படி இருக்கறீங்க,’ என்று அலுத்துக்கொண்டார். தப்பு செய்தவள் நான்தான் என்பது மாதிரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் கம்பெனி வருகைப் பதிவேட்டை மாற்ற யாரையாவது பிடிக்க முடியாதா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. பிடிக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து மேஜைக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சர்ட்டிபிகேட்டிலும் அதே மூன்று வருடம்தான். ஆனால் அதில் ஒரு வருடம் அவள் பிரசவ லீவு. மற்ற வருடங்களில் ஏப்ரலில் யானை ராகிக் காட்டில் இறங்கிவிட்டது, கோயில் பண்டிகை என்று வாரக்கணக்கில் ஊருக்குப் போயிருக்கிறாள். அவளுடைய மூன்று வருடத்தில் ஒரு காலேஜையே நுழைத்துவிடலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஏனூ ஆகல்லா அக்கா,’ என்றாள். முதல்முறையாக அந்த வார்த்தை எனக்கு வேலை செய்யவில்லை.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குச் சுவரில் பயம். பதிவேடு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, யாரும் கேட்காமல் அது வாய் திறக்காது. அந்தப் போட்டோதான் கேட்காமலே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டால் என்ன? ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும். கருவி அலமாரியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆளில்லாமல் கிடந்தது. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன்.

சட்டத்தில் மேலே இரண்டு ஸ்க்ரூ. ஒன்று சுலபமாக வந்துவிட்டது. சட்டம் ஒருபக்கம் சரிந்து, ஹாட் பாக்ஸோடு நானும் கோணலாகத் தொங்கினேன். இரண்டாவது துருப்பிடித்திருந்தது. எவ்வளவு திருகியும் அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது, கழற்றி எங்கே கொண்டு போவது? கேட்டில் பையைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு நட்டைக்கூடக் கொண்டுபோக முடியாத இடத்தில் என் மூஞ்சியைச் சட்டத்தோடு எப்படிக் கொண்டு போவேன்?

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஹெச்ஆர் சார், கையில் ஃபைலோடு.

‘என்னம்மா பண்றீங்க?’

‘சாஞ்சிருந்துச்சு சார். நேராக்கலாம்னு.’

அவர் போட்டோவைப் பார்த்தார், கீழே இருந்த வருடங்களைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையும் பார்த்தார். ‘நல்லது. நாளைக்கு ஆடிட்டர் டீ குடிக்க இங்கதான் வருவாரு. கண்ணாடியையும் கொஞ்சம் துடைச்சிடுங்க, தூசியா இருக்கு,’ என்று சொல்லிவிட்டு நின்றார். நான் கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினேன். துப்பட்டா முனையால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அந்த வருடங்கள் பளிச்சென்று தெரிந்தன. துடைத்து முடிக்கும் வரை அவர் நகரவில்லை.

வியாழக்கிழமை ஆடிட்டர் வந்தார். பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ், மரியாதையான மனிதர். என் மேஜைக்கு வந்து ஒரு பாகத்தை எடுத்து அளந்து காட்டச் சொன்னார். மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு அளந்தேன். அளவு சரியாக வந்தது. பெட்டியில் கைவிட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அவரே கொண்டு வந்து கலந்துவிட்ட பாகம் என்று பிறகு தெரிந்தது. பார்த்தவுடனே தள்ளிவைத்தேன். அவர் புன்னகையோடு ஏதோ எழுதிக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு எந்தப் பயமும் இல்லை. எனக்குத் தெரிந்த வேலை அது. அதைச் செய்யும்போது எந்தக் காகிதமும் எனக்குத் தேவைப்படவில்லை.

பத்து மணிக்கு டீ. மேனேஜர் ஆடிட்டரை நேராக அந்தப் போட்டோவின் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். இதோ நீங்கள் இப்போது பார்த்தீர்களே, இவர்தான் என்று என்னையும் கைகாட்டிக் கூப்பிட்டார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். ஆடிட்டர் வருடங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

‘மூணு வருஷமும் ஒரு நாள் கூட லீவ் இல்லையாம்மா?’

இல்லை என்று சொல்ல வேண்டும், அதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொல்லாமல் டீயை ஊதிக்கொண்டு நின்றேன். மேனேஜர்தான் எனக்குப் பதிலாகப் பெருமையாகச் சொன்னார். ஆடிட்டர் தலையாட்டிவிட்டு, டீ முடிந்ததும் ஹெச்ஆர் ஃபைல்களைப் பார்த்துவிடலாம் என்றார்.

என் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். ஓடினால் பார்ப்பார்கள் என்று நடந்தேன். ஹெச்ஆர் ரூமில் முத்திரைக்காரர்களின் ஃபைல்கள் நம்பர் வாரியாக மேஜையில் அடுக்கியிருந்தன. பதினேழாவது எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சார் மட்டும்தான் இருந்தார்.

‘சார், என் சர்ட்டிபிகேட்ட ஃபைல்ல இருந்து எடுத்துடுங்க,’ என்றேன். ‘அந்தப் பரீட்சை நடந்தப்பெல்லாம் நான் இங்கதான் இருந்தேன்.’

அவர் ஆச்சரியப்படவில்லை. ‘தெரியும்மா. மூணு வருஷமும் மைக்ல உங்க பேர வாசிச்சவன் நான்தானே. திங்கக்கிழமையே பாத்துட்டேன்.’

‘அப்பறம் ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?’

‘எனக்கு டிகிரிங்கற கட்டம் நிரம்பணும். உங்களுக்கும் அதானே வேணும்? மாட்டினா நீங்க குடுத்தத நான் நம்பினேன்னு ஆயிருக்கும்.’

இதையும் அவர் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று அந்தக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னபோதும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். எந்த வாயை வைத்துத் திட்டுவது? பார்த்து எழுதிய விடைக்கு மார்ஜின் போட்டவள் நான். வராந்தாவில் மேனேஜரின் பேச்சுக்குரல் நெருங்கிக்கொண்டிருந்தது.

‘இப்ப எடுத்தா முத்திரை போயிடும்,’ என்றார் அவர். ‘அது வேணாம்னா அப்படியே இருக்கட்டும். பத்துக்கு ஒம்பது அவரு வருஷத்தப் பாக்க மாட்டாரு.’

பத்துக்கு ஒன்பது. எங்கள் மேஜையில் பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தால் அந்தப் பெட்டியை நாங்கள் அனுப்ப மாட்டோம். பிரேக் பாகம் அது. நான் சட்டைப் பையில் கைவிட்டு முத்திரையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் ஃபைலைத் திறந்து ஜெராக்ஸை உருவி என்னிடம் நீட்டினார். கல்வித் தகுதி என்ற இடத்தில் அடித்துவிட்டு பிளஸ் டூ என்று எழுதினார். நான் வெளியே வரும்போது ஆடிட்டர் உள்ளே போனார், எனக்கு வழிவிட்டு.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. இருபத்திரண்டாம் நம்பர் ஃபைலையும் இன்னும் அதே மாடியிலிருந்து வந்த நான்கைந்து ஃபைல்களையும் அவர் பார்த்தார், டிக் அடித்தார். கடைசியில் ஒரே ஒரு சிறு குறை எழுதியிருந்தார்: பதினேழாம் நம்பர் பரிசோதகருக்குப் போதிய கல்வித் தகுதி இல்லை. மொத்த ஆடிட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே கோளாறு நான்தான். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தேன், அழுகையில்தான் முடிந்தது. நான் அப்பவே சொன்னேன் என்று வீட்டுக்காரர் சொல்லாமல் இருந்ததற்கு இன்றைக்கும் அவர்மேல் மரியாதை உண்டு.

கம்பெனியில் தள்ளுபடியான பாகத்தை அப்படியே விடமாட்டோம். நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்று சிவப்பு பெயிண்ட் அடித்துத் தனியாகப் பூட்டிவைப்போம். சர்ட்டிபிகேட் ஒரிஜினலின் குறுக்கே நானும் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டு வீட்டில் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டேன். தூக்கியெறிய மனம் வரவில்லை. முதல் வகுப்பு என்று அதில் இருக்கிறதே.

ஓசூரிலேயே பேக்கிங்கில் இருக்கிறேன், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. வேறொருவர் முத்திரை வைத்த பெட்டிகளை நான் மூடுவேன். பக்கத்து மேஜைக்காரி சூளகிரிக்கு இன்ஜினியராகப் போய்விட்டாள். சம்பளம் கூடியிருக்கிறது, ஸ்கூட்டி வாங்கியிருக்கிறாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை என்றால் அது பொய். வேலைக்கு அந்த மாதிரி டிகிரி பிரயோஜனமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு அவளைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஹெச்ஆரிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும், பொங்கல் வாழ்த்தாக இருந்தால்கூட, பிரிக்காமல் முதலில் எனக்குத்தான் போன் செய்வாள். ‘எதுக்கா இருக்கும்க்கா?’ என்பாள். ஏனூ ஆகல்லா என்று இப்போது நான் அவளுக்குச் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேருக்குமே அதில் பாதி நம்பிக்கைதான்.

நான் அஞ்சல் வழியில் ஒழுங்கான மூன்று வருடப் படிப்பில் சேர்ந்தேன். இதைப் படித்து முடித்தாலும் முத்திரை திரும்ப வரும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டபோது ஹெச்ஆர் சார், பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முதல் வருடப் பாடத்தில் புள்ளியியல் என்று ஒன்று வந்து என்னைப் படாதபாடு படுத்தியது. அளவுகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று நினைத்திருந்தேன் அல்லவா, அந்தத் திமிரெல்லாம் அதில் போய்விட்டது.

பரீட்சை கிருஷ்ணகிரியில். மூன்று தாளில் இரண்டு வார விடுமுறையில் வந்தன, புள்ளியியல் மட்டும் ஒரு வேலை நாளில் வந்தது. ஷிப்ட் மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக லீவு பாரம் வாங்கினேன். எங்கே கையெழுத்துப் போடுவது என்றுகூடத் தெரியாமல் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். காரணம் என்ற இடத்தில் தேர்வு என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெச்ஆர் சார் பாரத்தைப் பார்த்தார். ‘இந்த வருஷம் ஹாட் பாக்ஸ் போச்சேம்மா,’ என்றார். போகட்டும் சார் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டதும், எனக்கு இதில் ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டேன். லீவு லெட்டருக்கு யாரும்மா ஜெராக்ஸ் கேட்பார்கள் என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

மூன்று தாள் எழுதினேன். இரண்டில் பாஸ், புள்ளியியலில் ஃபெயில். ஒவ்வொரு தாளுக்கும் பரீட்சைத் தேதி போட்ட அந்த மார்க் ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அதன் பின்னால் அந்த லீவு லெட்டரின் ஜெராக்ஸும் இருக்கிறது. புள்ளியியலுக்கும் லீவுக்கும் ஒரே தேதி.